தில்லைநாயகம் வீட்டுக் கடல்

சைவப் பிள்ளைமார் வீட்டில் மீன் வந்து இறங்கியிருக்கிறது என்றால் தென்காசி சும்மா இருக்குமா? 1963ஆம் வருஷம் தை மாதம் அது நடந்தது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த தில்லைநாயகம், "வளக்கத்தான், கொழம்புக்கு இல்ல" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனார். அவர் மனைவி வடிவாம்பாளிடம் தெருப் பெண்கள் யாரும் நேராகக் கேட்கவில்லை. எதிரே வந்தால் மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சிக் காட்டினார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பத்திரிகை. மலைமேல் தேயிலைத் தோட்டத்திலிருந்து பழுதுபார்க்க வந்த ரேடியோவை அந்த ஆங்கிலப் பத்திரிகையின் தாள்களில் பொதிந்து அனுப்பியிருந்தார்கள். எங்கோ ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள், பவளப்பாறையும் மீனும் வைத்து வளர்ப்பதாக அதில் எழுதியிருந்தது. கல்லைக் கழுவக் கூடாதாம். கடலுக்குள் எப்படிக் கிடந்ததோ அப்படியே, பாசி புழு பூச்சியோடு கொண்டுவந்து வைத்தால், கல்லே தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுமாம். புது முறை என்று தலைப்பிலேயே போட்டிருந்தது. புது முறை என்ற சொல்லைக் கண்டால் தில்லைநாயகத்துக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, கட்டில் நீளத்துக்கு ஒரு தொட்டி செய்து கூடத்தில் போட்டார். டிரான்ஸ்பார்மர் சுருளையும் சைக்கிள் டியூப் ரப்பரையும் வைத்து, தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடுகிற மோட்டார் ஒன்றையும் அவரே கட்டினார். அது இரவும் பகலும் வண்டு மாதிரி ரீங்கரித்தது.

கடலைக் கொண்டுவரக் கிதிர் முகம்மது இருந்தான். தூத்துக்குடியில் உப்பு ஏற்றி, தென்காசி வழியாகப் புளியறை தாண்டிக் கேரளத்துக்குக் கொண்டுபோகிற லாரி டிரைவர். சொந்த ஊர் காயல்பட்டினம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது, ஆசிட் அடைத்து வருகிற பெரிய கண்ணாடி ஜாடிகளில் கடல் தண்ணீர் பிடித்துக்கொள்வான். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகிற கடல் கல்லை மீனவர்களிடம் பச்சையாக வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிப் போட்டுக்கொள்வான். உயிர்மீனையும் அவர்களிடமே வாங்கி ஜாடியில் விட்டுக்கொள்வான். "உப்பு மூட்டைக்கு மேல உப்புத் தண்ணியையும் ஏத்திக்கிட்டு வாரேன் அண்ணாச்சி, வழியில எவனாவது கேட்டா என்னன்னு சொல்லுவேன்?" என்று சிரிப்பான்.

முதல் ஜாடி வந்து இறங்கிய அன்று தில்லைநாயகத்தின் அக்காள் சொக்கம்மாள் நடையை மறித்துக்கொண்டு நின்றாள். கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான்.

"எந்தூருத் தண்ணி இது?"

"காயல்பட்டினம். திருச்செந்தூருக்குப் பக்கம்க்கா."

"அப்பம் முருகன் கடல்லா. தீர்த்தம்னு சொல்லு."

தீர்த்தம் என்று ஆனபிறகு அதை எதில் வைப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. தீர்த்தத்தைச் செம்பில்தானே வைப்பார்கள்? வடிவாம்பாளுக்குக் கல்யாணச் சீராக வந்த செப்புக் கொப்பரை ஒன்று, இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற கனத்தில், பின்கட்டில் இருந்தது. அதைப் புளி போட்டு முகம் தெரிகிற மாதிரித் துலக்கி வைத்தாள். கலங்கல் தெளிய ஓர் இரவு முழுக்கத் தண்ணீர் அதில் நின்றது. மறுநாள் செம்பால் மொண்டு மொண்டு தொட்டியில் ஊற்றினாள். தில்லைநாயகம் கல்லை அடுக்கினார்.

அந்தக் கற்களில் ஒன்றில்தான் பூ இருந்தது. அது பூ இல்லை, பிராணி என்று தில்லைநாயகம் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். வடிவாம்பாளுக்கு அது பூதான். கல்லில் ஒட்டிக்கொண்டு, விரல் விரலாக நீட்டி, காற்றே இல்லாத இடத்தில் அசைகிற பூ. முதல் நாள் பாதி விரிந்தது. நான்காம் நாள் சுருங்கி, சளியாகி, கல்லைவிட்டு விழுந்தது. கல்லிலிருந்து எட்டிப் பார்த்த குட்டி நண்டும் செத்தது.

ரேடியோக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. பாடாத ரேடியோவில் ஒரே நேரத்தில் நாலு சாமானை மாற்றினால், எது பழுது என்று கடைசிவரை தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்ற வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் தொட்டியைக் காலிசெய்து, கிதிர் முகம்மது கொண்டுவந்த புதுப் பூவையும் நண்டையும் விட்டு, அப்படியே செய்தார். மற்றக் கற்களைக் கொதிக்கவைத்துப் போட்டுப் பார்த்தார். செத்தது. கழுவாமல் போட்டார். செத்தது. குமிழியைக் குறைத்தார், கூட்டினார். தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தினார். மணலை மாற்றினார். தண்ணீர் பழசாகிவிட்டதோ என்று பாதிக்குப் பாதி புதுத்தண்ணீர் மாற்றினார், அந்தத் தடவை இன்னும் சீக்கிரம் செத்தது. மீன்களாவது ஒரு வாரம், பத்து நாள் தாக்குப்பிடித்தன. பூவும் நண்டும் நாலு நாளைத் தாண்டவில்லை. பங்குனி முடிவதற்குள் தில்லைநாயகம் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்.

வடிவாம்பாள் ஒவ்வொரு தடவையும் கொப்பரையை முன்னைவிட நன்றாகத் துலக்கினாள். தன் பங்குக்கு அவளால் முடிந்தது அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வடிவாம்பாளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. முதலாவது பிறந்த அன்றே போயிற்று. இரண்டாவது பதினோரு மாதம் இருந்து, தவழ்ந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய பிறகு காய்ச்சலில் போயிற்று. அதற்குப் பிறகு சொக்கம்மாள், சத்தம் போடாமல், சில காரியங்களிலிருந்து அவளை விலக்கினாள். கொல்லையில் அவரை விதை ஊன்ற வேண்டாம் என்றாள். ஊறுகாய் ஜாடியில் கை போட வேண்டாம் என்றாள். "அவ கை அப்படி" என்று பக்கத்து வீட்டில் சொன்னது வடிவாம்பாள் காதிலும் விழுந்தது. சொக்கம்மாளைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. அவள் அந்த இரண்டாவது பிள்ளைக்காக ஒரு வருஷம் அழுதவள்.

தில்லைநாயகம் ஒருவர்தான் அப்போதெல்லாம் சண்டைக்குப் போவார். "கைராசியாவது கால்ராசியாவது. காய்ச்சலுக்குக் காரணம் கிருமிக்கா. இவ கை என்ன செய்யும்?" என்பார். அந்தப் பேச்சை நம்பித்தான் வடிவாம்பாள் அந்த வீட்டில் நிமிர்ந்து நடமாடினாள். வேறு பிடிமானம் அவளுக்கு இல்லை.

வைகாசியில் குத்துக்கல்வலசையில் அவளுடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பந்திக்கு வெந்நீர் போடக் கொப்பரை வேண்டும் என்று வண்டி அனுப்பினார்கள். கொப்பரையோடு வண்டியில் ஏறிப் போனவள், கூடமாட வேலை பார்த்துக்கொண்டு பத்து நாள் அங்கேயே இருந்தாள். திரும்பிவந்து கூடத்தில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

பூ விரிந்திருந்தது. முழுசாக, ஒரு சாண் அகலத்துக்கு. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒன்று அதன் விரல்களுக்குள் புகுந்து புகுந்து வந்துகொண்டிருந்தது. கல்லிடுக்கில் நண்டு தன் கைகளால் எதையோ பொறுக்கித் தின்றது. தில்லைநாயகம் பக்கத்தில் நாற்காலி போட்டு, புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஒம்பது நாளாச்சு வடிவு. ஒண்ணும் சாகல."

"தொட்டுப் பாக்கட்டுமா அத்தான்?"

"பொறு. இன்னும் கொஞ்சம் நெலைக்கட்டும். பெறவு தொடுவியாம்."

அந்த மாதக் கடைசியில் கிதிர் முகம்மது புதுத்தண்ணீர் கொண்டுவந்தான். வடிவாம்பாள் கொப்பரையைத் துலக்கினாள். தண்ணீர் தெளிந்தது. அவள்தான் ஊற்றினாள். நான்காம் நாள் பூ சுருங்கி விழுந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல தம்பி" என்றாள் சொக்கம்மாள். "உன் நோட்டையே பாத்துக்கோ. இவ இல்லாத நாளெல்லாம் அது விரிஞ்சு நின்னுச்சு. இவ வந்து ஊத்துனா. போச்சு."

தில்லைநாயகம் சிரித்தார். ஆனால் வழக்கமான சண்டையைப் போடவில்லை. அதை வடிவாம்பாள் கவனித்தாள். மறுநாள் அவர் கடைக்குப் போனபிறகு நோட்டை எடுத்துப் பார்த்தாள். கல், மணல், குமிழி, வெளிச்சம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்த தாளில் கடைசியாகப் புதிதாக ஒரு கட்டம் இருந்தது. அதன் தலையில் 'வடிவு' என்று எழுதியிருந்தது. கீழே, 'ஊரில் இல்லை: உயிரோடு இருந்தது', 'ஊற்றினாள்: நான்காம் நாள்' என்று இரண்டு வரி. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. சொக்கம்மாள் சொன்னபோது அது வாய்ப்பேச்சு. இவர் கட்டம் கட்டி எழுதியிருக்கிறாரே! இவர் எழுதினால் சரியாகத்தானே இருக்கும்? ஒருவேளை பிள்ளைகளுக்கும் இதுதானா? குளிப்பாட்டியது அவள், பாலூட்டியது அவள். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்ற பொம்பிளைகளுடைய கைகள் மாதிரிதான் இருந்தன.

ஆடி பிறந்ததும் தில்லைநாயகம் சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

"குத்தாலத்துல சீசன் நல்லாருக்காம். உங்க அக்கா கல்யாணசுந்தரி வீட்டுல ஒரு இருவது நாள் இருந்துட்டு வாயேன். அருவியில குளிச்சா ஒடம்புக்கு நல்லது."

"எனக்கு ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குப் புதுக்கல்லும் தண்ணியும் வருது. இந்தத் தடவை எல்லாத்தையும் வழக்கம்போலவே செய்யப்போறேன். கொப்பரையிலயே தெளிய வச்சு நானே ஊத்துதேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்திப் பாக்கணும்."

"அந்த ஒண்ணு நானா அத்தான்?"

தில்லைநாயகம் கையிலிருந்த ஃப்யூஸ் கம்பியை நேராக்கிக்கொண்டே இருந்தார். அவள் பெட்டியில் நாலு சேலையை எடுத்து வைத்தாள்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் மூன்று மைல்தான். அந்த மூன்று மைல் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். கல்யாணசுந்தரி வீடு நிறைய சீசனுக்கு வாடகைக்கு வந்த குடும்பங்கள். எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவதும், நனைந்த துணியோடு வந்து பசி பசி என்று உட்காருவதுமாக இருந்தார்கள். வடிவாம்பாளும் போனாள். பெண்கள் பக்கத்தில் இடித்துப் பிடித்து, தலையில் தண்ணீர் சம்மட்டியாக அடிக்க நின்றாள். அவ்வளவு தண்ணீர் விழுந்தும் மனசில் இருந்தது கரையவில்லை. கைதான், கை இல்லை, கைதான் என்று ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது.

அக்காளுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை இருந்தது. "ஏட்டி, இவனைக் கொஞ்சம் புடி, அடுப்பைப் பாத்துட்டு வந்துருதேன்" என்று கல்யாணசுந்தரி நீட்டினாள். வடிவாம்பாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கையில எண்ணெய் இருக்குக்கா" என்றாள். எண்ணெயெல்லாம் எதுவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் கிதிர் முகம்மது வந்தான். புளியறையிலிருந்து திரும்பும் வழியில், அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு, விசாரிக்க வந்தவன். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, சொல்லலாமா கூடாதான்னு தெரியல. பூ போயிட்டு."

"எப்பம்?"

"போயி ஒரு வாரமாச்சாம். இந்தத் தடவையும் நாலாம் நாளேதான். அண்ணாச்சி பித்துப் புடிச்ச மாதிரி உக்காந்திருக்காவ."

சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பூவைச் சாகக் கொடுத்துவிட்டுச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நான் இல்லாமலும் செத்திருக்கிறது. அப்படியானால் கை இல்லை. கை இல்லை என்றால் கல்யாணத்துக்குப் போன பத்து நாள் மட்டும் எப்படி உயிரோடு இருந்தது? ஒரு கணக்கை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் இடித்தது. அக்காள் தடுக்கத் தடுக்க அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீட்டில் தில்லைநாயகம் இல்லை, கடைக்குப் போயிருந்தார். சொக்கம்மாள்தான் இருந்தாள். "வந்துட்டியா? அந்தக் கொப்பரையைக் கொஞ்சம் பாரு, அசிங்கமாக் கெடக்கு. மீனுக்கு ஊத்துன தண்ணியை நான் தொடுவேனா?"

வடிவாம்பாள் புளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கொப்பரையில் அடித்தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு அப்படியே கிடந்தது. தண்ணீர் வற்றி இறங்கிய இடமெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. பாசி என்று நினைத்து விரலால் வழித்தாள். பாசி இல்லை. மாவு மாதிரி விரலில் ஒட்டியது. செம்பில் ஊறுகிற களிம்பு.

புளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஈயம் பூசாத பாத்திரத்தில் உப்புப்புளி வைக்கக் கூடாது என்று பன்னிரண்டு வயதில் தெரிந்துகொண்டவள். மறந்து வைத்த குழம்பைக் கொட்டிவிடுவாள். களிம்பு உள்ளே போனால் ஆளையே கவிழ்த்துவிடும். இத்தனை மாதமாக உப்புக் கடலையே செம்பில் நிறுத்திவைத்திருக்கிறாள், ஒரு நாள்கூட உறைக்கவில்லை. தீர்த்தம் என்று ஒரு வார்த்தை விழுந்ததும், அது உப்புத் தண்ணீர் என்பதை வீடே மறந்துவிட்டது. அவள் ஒவ்வொரு தடவையும் உடனுக்குடன் புளி போட்டுத் துலக்கிவிட்டதால் பச்சை வெளியே தெரியவும் இல்லை. கல்யாண வீட்டுக்கு அவள் போனபோது கொப்பரையும் கூடவே போயிருந்தது!

துலக்காமல் விட்டாள். தில்லைநாயகம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்ததும் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"அத்தான், இதுல ஒரு டம்ளர் மொண்டு தந்தா குடிப்பீயளா?"

அவர் குனிந்து பார்த்தார். விரலால் வழித்தார். முகர்ந்தார்.

"குத்துக்கல்வலசைக்கு நான் மட்டுமா போனேன்? அந்தப் பத்து நாளும் தண்ணியை எதுல வச்சிய?"

"ஜாடியிலயே நின்னுச்சு. அப்படியே ஊத்துனேன்." சொல்லும்போதே அவர் முகம் மாறியது. "அட, தண்ணி வைக்குத ஏனத்தை எவன் கணக்குல எடுப்பான்? கல்லை எழுதுனேன், மணலை எழுதுனேன்." நெற்றியில் அடித்துக்கொண்டார், சிரித்தார், நோட்டை எடுக்க ஓடினார். ஸ்டேஷன் கிடைத்த ரேடியோ மாதிரி அன்று முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தைக்காக வடிவாம்பாள் காத்துக்கொண்டிருந்தாள். அவருடைய பேச்சில் செம்பு இருந்தது, உப்பு இருந்தது, பூவின் மென்மையான உடம்பு இருந்தது. அந்த வார்த்தை மட்டும் இல்லை.

தொட்டியைக் காலிசெய்து கழுவினார்கள். பழைய கல்லையெல்லாம் தூரப் போட்டார்கள். கிதிர் முகம்மது புதிதாக எல்லாம் கொண்டுவந்தான். தண்ணீர் கண்ணாடி ஜாடியிலேயே தெளிந்தது. தில்லைநாயகமே ஊற்றினார். நாலு நாள் போயிற்று, பத்து நாள் போயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. பூ காலையில் விரிந்து, இருட்டும்போது கூம்பியது. கல்லில் பவளம் தளிர் மாதிரி புதுசாகத் துளிர்த்தது. தெருப் பெண்கள் இப்போது பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள்.

வடிவாம்பாள் தொட்டியைத் தொடவில்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஆனால் அவராகக் கூப்பிடட்டும் என்று இருந்தாள். வா வடிவு, தொட்டுப் பார் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், கட்டம் கட்டி எழுதியதையும் குற்றாலத்துக்கு அனுப்பியதையும் அப்படியே விட்டுவிடலாம் என்று மனசுக்குள் தயாராக இருந்தாள்.

ஆவணிக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவர் கூப்பிட்டார்.

"வடிவு, இங்கன வா. கையை வச்சுப் பாரு."

அடுக்களையில் இருந்தவள் கையிலிருந்ததை அப்படியே போட்டாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். பூ முழுசாக விரிந்திருந்தது. தில்லைநாயகம் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"கொப்பரைதான்னு தொண்ணூறு பங்கு உறுதியாச்சு. பத்துப் பங்குதான் இடிக்குது" என்றார் உற்சாகமாக. "ஒரு மாசமா நீ இந்தப் பக்கமே வரலலா? அப்பம் ரெண்டு மாறிருக்கு பாத்தியா? கொப்பரையும் இல்ல, உன் கையும் இல்ல. இன்னிக்கு நீ ஜாடியில இருந்து கொஞ்சம் ஊத்தி, கையையும் உள்ள வச்சிட்டேன்னா, நாலு நாள்ல சந்தேகம் தீந்துரும்."

அவள் நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"நாலு நாள்ல செத்துட்டா?"

"சாகாது. சாகாதுன்னுதான் நெனைக்கேன்."

"நெனைக்கீய."

வடிவாம்பாள் பூவைப் பார்த்தாள். தொட வேண்டும் என்று தை மாதத்திலிருந்து அவளுக்கு ஆசை. தண்ணீருக்கும் அவள் விரலுக்கும் நடுவில் நாலு அங்குலம்தான் இருந்தது. கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"நான் வைக்க மாட்டேன் அத்தான்."

"ஏன்? பயமா இருக்கா?"

"எனக்குச் சந்தேகம் இல்ல. களிம்பைப் பாத்த அன்னைக்கே தீந்துட்டு. உங்களுக்குத்தான் இருக்கு. அதை நீங்களே வச்சுக்கிடுங்க."

தில்லைநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. தப்பாக எதையும் கேட்டுவிட்டதாகவும் அவருக்குத் தோன்றவில்லை. நல்லதுக்குத்தானே கேட்டோம், அவள் பேரைத் துடைக்கத்தானே கேட்டோம் என்று, மூடியைக் கழற்றிய பேனாவோடு தொட்டியையும் அவள் போன வழியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வடிவாம்பாள் அடுக்களைக்கு வந்தாள். பதினோரு மாதப் பிள்ளை போன அன்று அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதது நினைவுக்கு வந்தது. இனிமேல் அழுவதென்றால் தனியாகத்தான் அழ வேண்டும் என்று தெரிந்துபோயிற்று. உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்டாள்.